வண்டிக்குப் பின்னால் நிற்க ஓர் ஆள்

கரியைச் சுத்தியலால் அடித்தால் தூளாகிவிடும். அரிவாளைத் திருப்பிப் பிடித்து முதுகால் தட்ட வேண்டும். எலுமிச்சைக்கு மேல் பெரிதாக இருந்தால் பீப்பாயின் கழுத்தில் சிக்கிக்கொள்ளும். கொட்டைப்பாக்குக்குக் கீழே சிறுத்தால் காற்றுக்கு வழியில்லாமல் அடைத்துக்கொள்ளும். யுத்தத்தால் பெட்ரோல் கூப்பனுக்குப் போய், கார்களின் முதுகில் கரிப் பீப்பாய் ஏறிய நாள் முதல், நூம்பலில் தன் வீட்டுக் கூரைக்கடியில் உட்கார்ந்து பூங்காவனம் விடிகாலையில் செய்கிற வேலை இதுதான். உடைத்து, சலித்து, பீப்பாயில் கொட்டி, நெருப்பு வைத்து, விசிறிக் கைப்பிடியைச் சுற்ற வேண்டும். குழாயில் வரும் புகை நீலமாக எரியும்வரை சுற்ற வேண்டும். அதற்குள் தோள்பட்டை கழன்றுவிடும் போலிருக்கும்.

அன்று ஐப்பசித் தூறல். கரி ஈரம் வாங்கியிருந்தது. புகை மஞ்சளாகவே வந்தது.

"வுடுக்கா, நான் சுத்துறேன்" என்று வந்தான் வேம்புலி. அவளுடைய தம்பி. கல்யாணமாகாதவன். அக்காள் வீட்டிலேயே இருந்து, காரில் 'கட்டைக்காரனாக' ஓடுகிறவன்.

"நீ ரெண்டு சுத்து சுத்திட்டு பீடி பத்த வைப்பே. போயி கட்டைய கய்வு. சேறு ஒட்டிகினு கீது. இன்ஸ்பெக்டரு வந்து அத்தயும் பாப்பாரு."

"கட்டைக்குமா சர்டிபிகேட்டு? அப்ப எனக்கு?"

"ஒனக்கு எவன் குடுப்பான்?"

கரிப்புகையில் ஓடுகிற எஞ்சினுக்குப் பாதி பலம்தான். சமதரையில் ஓடும். ஏற்றம் வந்தால் நடுவில் திணறி நின்றுவிடும். நின்றால் பின்னால் உருளும். அதற்காகவே ஓர் ஆள் படிப்பலகையில் நின்றுகொண்டு வர வேண்டும். கார் திணறுகிற சத்தம் கேட்டதும் குதித்து, பின்சக்கரத்துக்கு அடியில் கட்டையைச் செருக வேண்டும். இந்தப் பக்கத்து வாடகைக் கார்கள் எல்லாவற்றிலும் இப்படி ஒருவன் இருந்தான். பழகிப் பழகி, காரில் கைப் பிரேக் என்று ஒன்று இருப்பதையே டிரைவர்கள் மறந்துவிட்டார்கள். வேம்புலியின் இடது கையில் இரண்டு விரல்கள் நகமில்லாமல் நசுங்கியிருக்கும். மாங்காட்டுக்குப் போன ஒரு கல்யாணச் சவாரியில் நேர்ந்தது. அம்மனுக்கு நகம் காணிக்கை கொடுத்ததாக அவன் சொல்லிக்கொள்வான்.

கார் பூங்காவனத்தின் புருஷன் தசரதனுடையது. மெட்ராஸில் ஒரு கம்பெனித் துரையிடம் டிரைவராக இருந்தான். துரை சீமைக்குத் திரும்பும்போது, அப்போதே பழசாகிப்போயிருந்த அந்த அமெரிக்கக் காரை அவனுக்கு விட்டுப் போனார். செய்த கம்பெனி எப்போதோ மூடிப்போயிற்று. யுத்தம் முடிந்து கப்பல் வந்தாலும் அதற்குச் சாமான் வரப்போவதில்லை. கான்வாஸ் கூரையில் நான்கு வகைத் துணி. பித்தளை விளிம்பு போட்ட விளக்குகள். அவற்றின் கண்ணாடிக்கு விளக்கு மறைப்புச் சட்டத்தின்படி கறுப்புச் சாயம் பூசி, நடுவில் ஒரு கீற்று விட்டிருந்தது.

வாடகைக்கு ஓட வேண்டுமானால் வருஷத்துக்கு ஒரு முறை பிரேக் இன்ஸ்பெக்டரிடம் காட்ட வேண்டும். புதுச் சட்டம் வந்து மூன்று நாலு வருஷம் ஆகிறது. பின்னால் வருவதைப் பார்க்கக் கண்ணாடி, சத்தமாக ஒரு ஹாரன், நம்பர் தெரியும்படி சிவப்பு விளக்கு, காற்று நிரப்பிய உபரிச் சக்கரம், தூக்குகிற ஜாக்கி. கரிப் பீப்பாய் வைத்திருப்பவன் ஒரு வாளி மணலும் கொண்டுவர வேண்டும். மட்கார்டு விளிம்புக்கு வெள்ளை அடிக்க வேண்டும். இதெல்லாம் வாங்கலாம், கடன் கேட்கலாம், இல்லாவிட்டால் ஒப்பேற்றலாம். பூங்காவனம் அப்படித்தான் ஒவ்வொன்றாகச் சேர்த்திருந்தாள். கண்ணாடி நாவிதர் கடையில் உடைந்ததில் மீந்த துண்டு. சிவப்பு விளக்குக்கு ரயில்வேயில் வேலை பார்த்த ஒருவன் கொடுத்த கண்ணாடி. வெள்ளை, வீட்டுச் சுவருக்கு வாங்கிய சுண்ணாம்பு.

ஒப்பேற்ற முடியாதது கைப் பிரேக். அதன் உள்பட்டை தேய்ந்து, இரும்பில் இரும்பு உரசிக்கொண்டிருந்தது. புதுப்பட்டை மெட்ராஸ் முழுக்கத் தேடியும் இல்லை. கடைசியில் பூங்காவனம்தான் பூந்தமல்லி நெல் மிஷினில் அறுந்துபோன பெல்ட்டின் ஒரு துண்டைக் கேட்டு வாங்கிவந்தாள். தசரதன் அதை வெட்டிச் செம்பு ஆணி அடித்து இறுக்கினான். வழுக்காமலிருக்கக் குங்கிலியத்தை இடித்துத் தூவினாள் அவள். காய்ந்திருந்தால் பிடித்தது. ஈரம் பட்டால் சில சமயம் பிடித்தது, சில சமயம் பிடிக்கவில்லை.

"இன்னைக்கி மயை வேற" என்றான் தசரதன். கேழ்வரகுக் கூழை நின்றபடியே குடித்துக்கொண்டிருந்தான். தொட்டுக்கொள்ளக் கருவாடு.

"குந்தித்தான் குடியேன்யா. நேத்து ஊட்டாண்ட பாத்தப்ப நின்னுச்சா இல்லியா?"

"நின்னுச்சி. இங்க இன்னா ஏத்தம் கீது? மாட்டுக் கொட்டா வாசப்படி. அவரு ஏரிக்கரை மேல ஏத்தச் சொல்லுவாரு."

"நிக்கும்."

"நீ சொன்னா நிக்குமா?"

"பின்ன யாரு சொன்னா நிக்கும்? ஒலகநாதன் சொன்னாவா?"

உலகநாதன் ஆவடியில் பட்டாளத்து டிப்போவுக்கு ஆள் பிடித்துக் கொடுக்கிறவன். லைசென்ஸ் வைத்திருக்கிற டிரைவர் என்றால் விடமாட்டான். அந்த வாரத்திலேயே இருமுறை சைக்கிளில் வந்துவிட்டான். நல்ல அரிசி, துணி, பூட்ஸ், வீட்டுக்கு மாதா மாதம் மணியார்டர் என்று திண்பண்டம் காட்டுவதுபோல் சொல்லிவிட்டுப் போயிருந்தான். ஆவடியில் சேருகிற டிரைவர் ஆவடியில் இருப்பதில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். கொஞ்ச நாளில் ரயிலேற்றி அஸ்ஸாமுக்கு அனுப்பிவிடுவார்கள். அடுத்த தெரு முனியம்மாவின் புருஷன் அப்படிப் போனவன்தான். மலைப் பாதையில் லாரியோடு உருண்டுவிட்டான். எந்த மலை, எந்தப் பாதை என்று அவளுக்குச் சொல்ல யாருமில்லை. அரிசி மட்டும் வந்துகொண்டிருந்தது.

கார் ஓடினால் தசரதன் இங்கே இருப்பான். ஓடாவிட்டால் ஆவடி. நிலமில்லை, வேறு தொழில் தெரியாது. ரேஷனில் போடும் புழுங்கலுக்கும் காசு வேண்டும். பூங்காவனத்துக்கு இந்தக் கணக்கு மனப்பாடம்.

"முனிமா ஊட்டு அரிசி எனக்கு வாணாம்" என்றாள். "வண்டிய எடு."

*

செம்பரம்பாக்கம் ஏரிக்கரைக்குக் கீழே, புளியமரத்தடியில் கார்கள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றும் வெளிநாட்டில் செய்தது. ஒவ்வொன்றும் அங்கேயே குப்பைக்குப் போயிருக்க வேண்டியது. ஒன்றுக்குக் கதவுக்குப் பதில் கயிறு. இன்னொன்றின் சக்கரத்தில் டயருக்குள் வைக்கோல் திணித்திருந்தார்கள்.

பிரேக் இன்ஸ்பெக்டர் நாகேந்திரன் சைக்கிளில் வந்தார். ஆபீஸ் காருக்குப் பெட்ரோல் நிறுத்திவிட்டார்கள். கழுத்தில் மப்ளர், கையில் குடை, மூக்கில் ஜலதோஷம். ஐம்பது வயதிருக்கும். வண்டிகளை வரிசையாகப் பார்த்துவிட்டு, யாரையோ மன்னிப்பவர்போல் தலையை ஆட்டிக்கொண்டார்.

சாமான்களைப் பார்ப்பதில் அவர் கெடுபிடி செய்யமாட்டார். ஹாரனை அழுத்தச் சொல்வார். மணல் வாளிக்குள் கையைவிட்டுப் பார்ப்பார். சிலர் சுமைக்குப் பயந்து அடியில் உமியை அடைத்து மேலே மட்டும் மணல் பரப்பிக்கொண்டு வருவதுண்டு. கைப் பிரேக் விஷயத்தில்தான் அவருக்கு ஒரு வழக்கம் இருந்தது. அடியில் படுத்துப் பார்க்க முதுகு ஒத்துக்கொள்ளாது. காரைக் கரைமேல் பாதி ஏற்றத்தில் நிறுத்தி, எஞ்சினை அணைத்து, கைப் பிரேக்கை இழுக்கச் சொல்வார். கட்டை கூடாது. பிறகு வண்டிக்குப் பின்னால் ஓர் ஆள் நிற்க வேண்டும். டிரைவருக்கு வேண்டிய ஆள். அதற்குப் பிறகு டிரைவர் கால் பிரேக்கிலிருந்து காலை எடுக்க வேண்டும். சட்டத்தில் இப்படி எங்கேயும் இல்லை. ஆனால் யாரும் இதுவரை அடிபட்டதில்லை. பிடிக்காத பிரேக்காக இருந்தால், காலை எடுப்பதற்கு முன் டிரைவர் வாயைத் திறந்துவிடுவான்.

திருநின்றவூரிலிருந்து வந்திருந்த டிரைவர் ஒருவன் தசரதனின் அருகே வந்து பீடி நீட்டினான்.

"யார நிக்க வெக்கப் போற அண்ணாத்தே?"

"மச்சான் கீறான்."

"மச்சான் தேவல. போன தபா ஒருத்தன் மாமியார இட்டுகினு வந்தானாம். இன்ஸ்பெக்டரு செல்லாதுன்னுட்டாரு. மாமியாருன்னா பிரேக்கே இல்லாகாட்டியும் கால எடுப்பான்னு."

வரிசையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். இன்ஸ்பெக்டர் காதில் விழுந்தும் விழாததுபோல் மூக்கைத் துடைத்துக்கொண்டார். திருநின்றவூர்க்காரன் தன் அண்ணனை நிறுத்தினான். காலை எடுத்தான். கார் அசையவில்லை. அண்ணன் ஓரமாகப் போய்ப் புல்லில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் எழுந்திருக்கவில்லை.

தூறல் நிற்கவில்லை. ஏரி நிரம்பிக்கொண்டிருந்தது. மதகுப் பக்கம் கெண்டை பிடிக்கிறவர்கள் கூடையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு குந்தியிருந்தார்கள்.

"நூம்பல் தசரதன்."

தசரதன் காரை ஏற்றினான். பாதியில் எஞ்சின் திணறியது. வழக்கத்தில் வேம்புலி படிப்பலகையிலிருந்து குதித்துவிட்டான், கையில் கட்டையோடு.

"அதை அங்கே வை" என்றார் இன்ஸ்பெக்டர். வேம்புலி கட்டையைப் புல்லில் வைத்தான். தசரதன் கால் பிரேக்கை மிதித்து, கைப் பிரேக்கை இரண்டு கையாலும் இழுத்தான். பல்சக்கரத்தில் கிடுகிடுவென்று சத்தம் வந்து நின்றது. பீப்பாயின் வாயிலிருந்து வெள்ளையாகப் புகை கசிந்தது.

"ஹாரன் சரி. விளக்கு சரி. வாளி சரி. வெள்ளை யார் அடிச்சது?"

"நான்தான் சார்" என்றாள், வண்டிக்குப் பக்கத்தில் நடந்து வந்திருந்த பூங்காவனம்.

"மழையிலே கரைஞ்சு வழியறது."

"ஊட்டுச் சுண்ணாம்பு சார். மறுக்கா அடிச்சிடுறேன்."

இன்ஸ்பெக்டர் லேசாகச் சிரித்தார். "பின்னால யாரு?"

வேம்புலி ஓர் அடி வைத்தான். பிறகு டிரைவர் பக்கமாகப் போய்க் குனிந்து, "மாமே, புடிக்கும் இல்ல?" என்றான், மெதுவாக.

தசரதன் அவனைப் பார்க்கவில்லை. ஸ்டியரிங் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். "தெர்லடா" என்றான்.

வேம்புலியின் வாய் ஒருமாதிரியாகப் போயிற்று. நசுங்கிய விரல்களை மற்றக் கையால் பிடித்துக்கொண்டான். "நிக்கிறேன் மாமே. கேட்டுகினேன், அவ்ளோதான்" என்றான். ஆனால் கால் நகரவில்லை.

"நீ இரு" என்றாள் பூங்காவனம். "நான் நிக்கிறேன்."

முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு, வண்டியைச் சுற்றிப் பின்னால் போனாள். சுடுகிற பீப்பாய்க்கு எதிரே, கை நீட்டினால் தொடும் தூரத்தில், இரண்டு சக்கரங்களுக்கும் நடுவாக நின்றாள். தூறல் துளிகள் பீப்பாயில் பட்டுச் சொய்யென்று ஆவியாயின.

"அம்மா, தள்ளி நிக்கலாம்" என்றார் இன்ஸ்பெக்டர்.

"பரவாயில்ல சார்."

"உன் சம்சாரமா?"

"ஆமா சார்" என்றான் தசரதன்.

"பிரேக் பிடிக்கும்னு நீ சொன்னா, காலை எடு. நான் கையெழுத்துப் போட்டுடறேன். எனக்கு இன்னும் இத்தனை வண்டி இருக்கு."

தசரதன் கால் பிரேக்கின் மேல் காலை வைத்தபடி உட்கார்ந்திருந்தான். நாவிதர் கடைக் கண்ணாடித் துண்டில் அவளுடைய நெற்றியும் ஒரு கண்ணும் மட்டும் தெரிந்தன. கரித்தூள் படிந்த நெற்றி. காலையில் அவள் முகம் கழுவவில்லை என்பது அப்போதுதான் அவனுக்குத் தெரிந்தது.

"எடுய்யா" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. "புடிக்கும். எடு."

வரிசையில் திருநின்றவூர்க்காரன் பீடியை வாயிலிருந்து எடுத்தான்.

"யோவ், எடேன். மெய்யாலுமே புடிக்கும்யா. நான் தூவின குங்கிலியம்."

தசரதன் முழங்காலை ஒரு கையால் அமுக்கிக்கொண்டான்.

"புடிக்காது சார்" என்றான்.

இன்ஸ்பெக்டர் குடையை மறுகைக்கு மாற்றிக்கொண்டார். "நிச்சயமா?"

"புடிக்காது சார். எழுதிக்குங்க."

"கட்டையைப் போடுப்பா" என்றார் இன்ஸ்பெக்டர் வேம்புலியிடம். கட்டை செருகப்பட்ட பிறகு, பூங்காவனத்தைக் கையைக் காட்டி விலகச் சொன்னார். "வாடகைக்கு ஓட்டக்கூடாது. நல்ல பட்டை கிடைச்சா கொண்டு வா, பார்க்கறேன்."

"எங்க சார் கெடைக்கும்?"

"கிடைக்காது. எனக்கும் தெரியும்." அவருக்குத் தும்மல் வந்தது. தும்மிவிட்டு, இன்னும் ஏதோ சொல்ல இருப்பவர்போல் நின்றார். பிறகு அடுத்த பெயரைக் கூப்பிட்டார்.

*

எல்லாம் முடிந்து இன்ஸ்பெக்டர் சைக்கிளில் ஏறிப் பூந்தமல்லிப் பக்கம் போனபிறகும் தசரதனின் கார் கரைமேல் பாதியிலேயே நின்றது. மற்றவர்கள் போகிறபோது ஆளுக்கு ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனார்கள். திருநின்றவூர்க்காரன் மட்டும் ஒரு கட்டுப் பீடியை ஆசனத்தில் வைத்துவிட்டுப் போனான்.

பூங்காவனம் புல்லில் உட்கார்ந்திருந்தாள். துணியில் முடிந்துகொண்டு வந்திருந்த பொட்டுக்கடலையை எடுத்துத் தம்பிக்குக் கொஞ்சம் கொடுத்தாள். புருஷனுக்குக் கொடுக்கவில்லை.

"புடிச்சிருக்கும்" என்றாள் ஏரியைப் பார்த்து.

"புடிக்காகாட்டி?" என்றான் தசரதன் காருக்குள்ளிருந்து.

"புடிக்காகாட்டி நான் நவுந்திருப்பேன். எனக்குக் காலு இல்லியா?"

"பீப்பா கொதிச்சிகினு கீது. ஒம் மேல ஏறினா இன்னா ஆவறது."

"ஆவறது என் தலையெயுத்து. நீ ஏன் அத்தப் படிக்கிறே?"

வேம்புலி கடலையை மென்றுகொண்டே இருவரையும் பார்த்தான். "மாமே" என்றான் கடைசியில். "கட்டைய எடுத்துட்றேன். ஒரு தபா கால எடுத்துத்தான் பாரேன். பின்னால யாரும் இல்ல. தெரிஞ்சிகினா மனசுக்குத் தேவல."

யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. வேம்புலி கட்டையை உருவி ஓரமாகத் தள்ளி நின்றான். அந்தக் கரையில் அப்போது அவர்கள் மூவரையும் மீன்காரர்களையும் தவிர யாருமில்லை.

தசரதன் காலை எடுத்தான்.

கார் அசையவில்லை. காற்றுக்குக் கூரைத் துணி மட்டும் படபடத்தது. வேம்புலி முன்பக்கம் போய் ரேடியேட்டரில் தோளைக் கொடுத்து, கீழ்நோக்கித் தள்ளிப் பார்த்தான். சேற்றில் அவன் கால்தான் வழுக்கிற்று.

"புடிச்சிகினு கீது" என்றான். குரல் ஏறிவிட்டது. "அக்கா, பாருக்கா. மலை மாறி நிக்கிது! மாமே, நான் ஓடுறேன். சைக்கிள்லதானே போறாரு, எதிர்க்காத்து. பூந்தமல்லி போறதுக்குள்ள புடிச்சிடுவேன். இட்டுகினு வர்றேன்."

ஓடுவதற்கு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டான். பூங்காவனம் எழுந்து நின்றாள். அவள் முகத்தில் இருந்த அலுப்பு ஒரு கணம் விலகிவிட்டது. "போடா, ஓடு" என்று சொல்ல வாயெடுத்தவள், புருஷனைப் பார்த்தாள்.

"அவரு வந்தா?" என்றான் தசரதன்.

"வந்தா இன்னா? காட்டு."

"மறுபடியும் ஒருத்தரு பின்னால நிக்கணும்."

"நான் நிக்கிறேன்."

"நீ நிப்பே." அவன் கைப் பிரேக்கின் பிடியை விரல்களால் தடவிக்கொண்டிருந்தான். "என்னால கால எடுக்க முடியாது."

"கண்ணால பாத்தப்பறமுமா?"

"பாத்தப்பறமும்தான்."

வேம்புலி மடித்துக் கட்டிய வேட்டியோடு நின்றான். மதகுப் பக்கம் யாரோ மீன் விழுந்த கூச்சல் போட்டார்கள். தூறல் கொஞ்சம் வலுத்தது.

"அப்ப நாளைக்கி ஒலகநாதனாண்ட போறியா?"

"போவணும்."

பொட்டுக்கடலை முடிச்சை அவிழ்த்து, மீதியை அவன் கையில் கொட்டினாள். அவன் ஒவ்வொன்றாக எடுத்துத் தின்றான்.

"அங்க மயை ஜாஸ்தியாமே" என்றாள்.

"எங்க?"

"அஸ்ஸாம்ல. முனிமா சொன்னா."

"அப்டித்தான் சொல்றாங்க."

"கம்பளி குடுப்பாங்களா?"

"குடுப்பாங்க. பூட்ஸு கூட."

"பூட்ஸு ஒனக்குப் பயக்கம் இல்லியே. கடிக்கும்."

"பயகிக்கும்."

"டேய், முன்னாடி ஏறு" என்றாள் தம்பியிடம். "நனையாதே." மழைக்கு முந்தானையைத் தலையில் இழுத்துக்கொண்டு, அவள் ஏறுகிற பக்கத்துக்குப் போக வண்டியின் பின்புறமாகச் சுற்றி நடந்தாள். தசரதன் கையிலிருந்த கடலையை அப்படியே மடியில் போட்டுவிட்டு, கால் பிரேக்கை இரண்டு காலாலும் மிதித்துக்கொண்டான். அவள் அந்தப் பக்கம் வந்து, ஏறி உட்கார்ந்து, கதவைச் சாத்துகிறவரை எடுக்கவில்லை.